லைனிங் வைத்த நீச்சல் டிரஸ்

டெய்லரக்கா மூழ்கிக்கொண்டிருந்தாள். அதுவும் இடுப்பளவுத் தண்ணீரில்.

"காலை ஊனி நில்லுங்கக்கா! கீழ தரை இருக்கு!" என்று கரையிலிருந்து கத்தினாள் கோச்.

டெய்லரக்கா இருமிக்கொண்டே எழுந்து நின்றாள். பக்கத்தில் மீன்குஞ்சு மாதிரி போய்க்கொண்டிருந்த நாத்தனார் நின்று சிரித்தாள்.

"அண்ணி, பாதிக் குளத்த நீங்களே குடிச்சிட்டா நாங்க எங்க நீந்துறது?"

முட்டிவலிக்கு நீச்சல்தான் மருந்து என்று டாக்டர் சொன்னதை, கடைக்கு ரவிக்கை தைக்க வந்த அத்தனை பேரிடமும் பரப்பியவள் டெய்லரக்காதான். அதோடு விட்டாளா? "குளத்து ஆண்டு விழா அன்னைக்கு இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்குப் போய்க் காட்டுறேன், எல்லாரும் வந்து பாருங்க" என்று நாத்தனார் காதுபடச் சவடால் வேறு. தெருவே இப்போது அந்த நாளுக்காகக் காத்திருந்தது.

டெய்லரக்காவுக்குத் தொழிலில் ஒரே கொள்கை. ஆளின் உடம்பைத் திருத்த முடியாது, துணியைத் திருத்தலாம். எத்தனையோ கோணல் தோள்களை நிமிர்த்தியிருக்கிறாள், எத்தனையோ தொப்பைகளை இருந்த இடம் தெரியாமல் செய்திருக்கிறாள். மிதக்காத உடம்புக்கு மட்டும் வழி இருக்காதா?

நேரே மெத்தைக்கடைக்குப் போனாள்.

"நீச்சல் குளத்துக்கு ஏத்த மாதிரி ஃபோம் ஷீட் வேணும். மெலிசா, நல்ல சரக்கா."

"குளத்துக்கா? என்ன விஷயமாக்கா?"

"விஷயத்தக் கேட்டாத்தான் விப்பீங்களா? எடுங்க."

மெத்தைக்கடைக்காரர் பரணிலிருந்து ஒரு சுருளை இறக்கினார். "குளத்துக்குன்னா இத அடிச்சிக்க வேற சரக்கு கிடையாது."

வீட்டுக்கு வந்து ஒரு துண்டை வெட்டி வாளியில் போட்டாள். மிதந்தது. அவ்வளவுதான், உடனே கத்தரியை எடுத்துவிட்டாள். நீச்சல் டிரஸ்ஸின் உள்ளே, முதுகிலும் வயிற்றிலும், லைனிங் மாதிரி வைத்து மூடித் தைத்தாள். தையல் எங்கே இருக்கிறது என்று அவளே தேட வேண்டியிருந்தது.

மறுநாள் தண்ணீரில் தைரியமாகப் படுத்தாள். மிதந்தாள்!

"எப்படிக்கா ஒரே நாள்ல?" கோச் வாயைப் பிளந்தாள்.

"மனசு வெச்சா வராதது உண்டாம்மா?" என்றாள் டெய்லரக்கா, மிக அடக்கமாக.

வினை அங்கேதான் பிடித்தது. இப்படி மிதக்கிறவளுக்குக் குழந்தைகள் பக்கம் என்ன வேலை என்று கோச் அவளை ஆழமான பக்கத்துக்கு மாற்றிவிட்டாள். அங்கே பாதி வழியில் உடம்பு கீழே இழுத்தது. பிழைத்தால் போதும் என்று காலை உதைத்து உதைத்துக் கரையைப் பிடித்தாள்.

ஷீட் போதவில்லை. வேறென்ன? மறுபடி மெத்தைக்கடை. இன்னொரு மடிப்பு.

அடுத்த நாள் இன்னும் அதிகமாக இழுத்தது. மேலே ஒரு மடிப்பு.

மடிப்பு ஏற ஏற உதை ஏறியது. உதை ஏற ஏற கோச்சின் புகழ்ச்சி ஏறியது. "உதைன்னா இது உதை! எல்லாரும் டெய்லரக்கா காலைப் பாருங்க!" படியேறும்போது உடம்பு தாங்க முடியாமல் கனக்கும். நீச்சல் அடித்த அசதி என்று பெருமையாக நினைத்துக்கொள்வாள். ஈர டிரஸ்ஸைத் திணித்த பையிலிருந்து வாசல் தொடங்கிக் குளியலறைவரை தண்ணீர் ஓடும்.

"குளத்த அங்கயே விட்டுட்டு வரக்கூடாதாம்மா?" என்று கணவர் துடைத்துக்கொண்டே பின்னால் வருவார்.

நாத்தனாருக்கு மட்டும் கண் உறுத்தியது. "நீந்தினா இளைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க என்ன அண்ணி, ஊதிக்கிட்டே போறீங்க?"

"உனக்கு என்னடி தெரியும்? இதெல்லாம் நீச்சல்காரங்க உடம்பு!"

ஆண்டு விழா வந்தது. குளத்தைச் சுற்றித் தெருவே உட்கார்ந்திருந்தது. கணவர் இஸ்திரி போட்ட சட்டையில் முதல் வரிசையில். விசில் ஊதியதும் டெய்லரக்கா குதித்தாள். உதைத்தாள். நடுவில் ஒருமுறை தலை காணாமல் போனது; கணவர் எழுந்து நின்றுவிட்டார். அடுத்த உதையில் மேலே வந்தாள். தண்ணீர் முன்வரிசைவரை தெறிக்க, அந்தக் கரையைத் தொட்டே விட்டாள்.

நாத்தனாரே ஓடி வந்து கை கொடுத்தாள். தூக்க முடியவில்லை. கோச்சும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. "யப்பா, என்ன கனம்! இனிமே உங்கள ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் அண்ணி" என்று நாத்தனார் கட்டிக்கொண்டாள்.

கணவர் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம், "என் வீட்டுக்காரிங்க!" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கழுத்தில் பதக்கம். காது நிறையக் கைதட்டல். டெய்லரக்காவுக்கு மட்டும் உள்ளே குத்தியது. மிதந்தது ஷீட். பதக்கம் எனக்கா? கணவர் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை.

"என்னங்க, இது என் சாமர்த்தியம் இல்லைங்க" என்று மெல்ல ஆரம்பித்தாள். "மெத்தைக்கடை ஷீட் மட்டும் இல்லேன்னா..."

அதற்குள் மெத்தைக்கடைக்காரரே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"என்னக்கா, குளத்தச் சுத்தித் தேடிட்டேன், என் ஷீட்ட எங்கயும் காணோம்? கரையில கால்மிதிக்குப் போடத்தானே அத்தன தடவ வந்து வாங்கினீங்க? பாத்துக்கா, தவறித் தண்ணிக்குள்ள விழுந்துடப் போகுது. ஒரு வாளித் தண்ணியக் குடிச்சிட்டு, கல்லு மாதிரி அடியில போய்ப் படுத்துக்கும்!"