கஜலட்சுமிக்கு முளைத்த தாடி

மாமியார் வீட்டில் நல்ல பேர் வாங்க நினைக்கிற மாப்பிள்ளை எந்த வேலையை வேண்டுமானாலும் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். தனக்குத் தெரிந்த வேலையை மட்டும் தொடவே கூடாது. தெரியாத வேலை சொதப்பினால் ‘பாவம், பழக்கமில்லை’ என்று விட்டுவிடுவார்கள். தெரிந்த வேலை சொதப்பினால் என்ன ஆகும் என்பதை வாலாஜாபாத்தில் ஒரு கிரகப்பிரவேசத்தில் பட்டு வேட்டியோடு நின்று பார்த்தவன் நான்.

அப்போது ஒரகடத்தில் ஒரு மரப்பட்டறையில் சி.என்.சி. மெஷின் ஆபரேட்டராக இருந்தேன். கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்தால் மெஷினே மரத்தில் சாமியைச் செதுக்கிவிடும். (வீட்டில் ‘நான் செதுக்கினேன்’ என்றுதான் சொல்வேன். மெஷின் வந்து சாட்சி சொல்லவா போகிறது?) செல்வியும் நானும் அவள் அம்மா பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டோம். மகளை அவர் சீக்கிரமே மன்னித்துவிட்டார். என்னோடு மட்டும் பேச்சுவார்த்தை கிடையாது. எதிரில் இலை போட்டு உட்கார்ந்திருப்பேன். “சோறு வோணுமான்னு கேளுடி” என்று செல்வியிடம் சொல்வார். அவள் என்னிடம் கேட்பாள். நான் அவளிடம் பதில் சொல்வேன். அதற்குள் ரசம் ஆறிவிடும்.

அந்தச் சமயத்தில் மாமியார் புது வீடு கட்டினார். செல்வி பிறந்த 1991-இல் அவர் கையால் வைத்த வேப்பமரம் வீட்டுக்கு இடைஞ்சலாக நின்றது. அழுதுகொண்டேதான் வெட்டச் சொன்னார். அந்த மரத்திலேயே தலைவாசல் கதவு என்று முடிவானதும் செல்வி முந்திக்கொண்டாள்.

“கஜலட்சுமி போட்டு அவுரே செஞ்சி குடுப்பாரும்மா. கை வெச்சா வழுக்கினு போவும், பாரேன்.”

மாமியார் என் பக்கம் திரும்பாமலே, “செய்யச் சொல்லு. வேற மரம் இல்லன்னும் சொல்லு” என்றார்.

மரம் சரியாகக் காய்ந்திருக்கவில்லை. மெஷின் நின்றபோது லட்சுமியின் மேலெல்லாம் நார் நாராகச் சிம்பு நின்றது. உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கன்னம், கழுத்து, யானைத் தும்பிக்கை என்று ஓர் இடம் விடாமல் தேய்த்தேன். கடைசியில் நிஜமாகவே கை வழுக்கியது. அன்று எனக்கு வந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. தண்ணீர் இறங்காமல் தடுக்கிற சீலரை மேலே ஒரு கோட்டிங் அடித்திருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் செல்வி வழியாக உத்தரவு வந்தது: “மஞ்ச பூசி பொட்டு வெக்கறதுக்கு முன்ன பாலிஷ் கீலிஷ் எதுவும் போடக்கூடாதாம்.” சரியென்று வெறும் மரமாகவே கதவை மாட்டினேன்.

மஞ்சள் பூசுவது என்றால் விரலால் தொட்டு நாலு இடத்தில் வைப்பது என்று நினைத்திருந்தேன். மாமியார் விடியற்காலையில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து லட்சுமிக்கு அபிஷேகமே செய்துவிட்டார். நானும் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மடையா, கன்னத்தில் போட்டுக்கொள்கிற நேரமாடா அது!

தண்ணீர் பட்டால், உப்புத்தாள் அமுக்கி வைத்த நாரெல்லாம் எழுந்து நிற்கும். கிழக்குப் பார்த்த வாசல் வேறு. ஹோமம் முடிந்து பந்தியில் இட்லி விழுகிற நேரத்தில் கதவு வெயிலில் நன்றாகக் காய்ந்துவிட்டது. லட்சுமியைத் தொட்டுக் கும்பிடப் போன செல்வியின் பெரிய மாமா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“இன்னாடி செல்வி, லச்சுமிக்கு தாடி மொளைச்சிகீது?”

பாதிப் பந்தி எழுந்து வந்துவிட்டது. தாடி மட்டுமா, மீசையும் இருந்தது. எல்லாம் மஞ்சள் நிறத்தில். “யானைங்க ரெண்டும் சொட்டர் போட்டுகினு கீதுப்பா” என்று யாரோ சொல்ல, வாசலே சிரித்தது. செல்வி மட்டும் சிரிக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. கூட்டத்துக்குப் பின்னால் மாமியார் சாம்பார் வாளியோடு அப்படியே நின்றார். வேற மரம் இல்லை என்று அவர் சொன்னது என் காதில் மறுபடி கேட்டது. எனக்கும் அழுகை முட்டியது.

ஓடிப்போய் வண்டி டிக்கியிலிருந்து நைஸ் உப்புத்தாளை எடுத்துவந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தேன்.

“மாப்ள சாமிக்கு சேவிங் பண்றாருடோய்!”

யார் சொன்னது என்று திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா தாயே, மானத்தைக் காப்பாத்து என்று லட்சுமியின் தாடையைப் பிடித்துக்கொண்டே கெஞ்சினேன்.

யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். மாமியார். வாளியைக் கீழே வைத்துவிட்டு, லட்சுமியின் தேய்க்காத கன்னத்தை ஒரு விரலால் தடவினார். போச்சுடா என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“செல்வி பொறந்தப்போ இப்டித்தான் மாப்ள, ஒடம்பு பூரா பூனமுடி. கடலமாவு போட்டு தேச்சித் தேச்சிதான் போச்சி. அழுத்தாதீங்க. புள்ளைக்கு வலிக்கப் போவுது.”

வழக்கம்போல் செல்வியிடம் சொல்கிறாரோ என்று எனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அவள் அங்கே இல்லை. என்னிடம்தான் சொன்னார். “சரிங்க அத்த” என்றேன். அழுத்தாமல் தேய்த்தேன்.

எழுந்து நின்ற நார் எல்லாம் லேசாகத் தேய்த்ததுமே உதிர்ந்துவிட்டது. முன்னைவிடக் கதவு வழவழப்பானது. லட்சுமியின் புடவை மடிப்பில் தங்கிய மஞ்சளை எடுக்க வேண்டாம் என்று அத்தையே சொல்லிவிட்டார். அதன் மேலேயே சீலர் அடித்தேன்.

இப்போது எனக்குச் சொந்தப் பட்டறை இருக்கிறது. எந்தச் சிற்பமானாலும் ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டுத்தான் கடைசித் தேய்ப்பு. பையன்கள் அதற்கு ‘மாமியார் குளியல்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். அத்தைக்கும் அது தெரியும். நான் நாலு நாள் ஷேவ் செய்யாமல் அந்த வாசலில் போய் நின்றால் போதும், கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்.

“செல்வி, கடலமாவு எட்தாடி. எம் புள்ளைக்கு மொகமெல்லாம் முடியாகீது.”