கூடை டொக்டரின் பொலிசி

கொழும்பில் வழக்குக்குப் பயந்தவர்களை எல்லாம் வரிசையாக நிறுத்தினால் வரிசை காலிமுகத்திடல் வரை போகும். முதல் ஆளாக எங்கள் கூடை டொக்டர்தான் நிற்பார்.

அவர் டொக்டர் அல்ல. இரண்டாம் உலக யுத்தகாலத்தில் இராணுவ ஆஸ்பத்திரியில், காயப்பட்ட சிப்பாய்களைக் கூடை பின்ன வைத்து, மரத்துப்போன விரல்களுக்கு வேலை பழக்கியவர். வெள்ளைக்காரன் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்த காலத்தில் வெள்ளவத்தையில் எங்கள் போர்டிங்கில் தங்கி, வீடு வீடாகப் போய் அதே வேலையைச் செய்தார். சாப்பாட்டு மேசையில் கறிச்சட்டியை நகர்த்தும்போதுகூட, “உறைக்கும். பிறகு நான் சொல்லேல்லை எண்டு சொல்லக்கூடாது” என்பார்.

நோயாளி யாராவது வழக்குப் போட்டால் என்ன செய்வது என்ற கவலையில் அவருக்குத் தூக்கமே இல்லை. கடைசியில் கொழும்புக் கோட்டையிலிருந்து ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்டைக் கூட்டி வந்தார். ஏஜெண்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“டொக்டர்மாருக்குப் பொலிசி குடுக்கிறம். கூடை பின்னுறதில என்ன ஆபத்து?”

“பிரம்பு கண்ணில குத்தினா? கூடைக்குள்ள பாம்பு கிடந்தா?”

“பாம்பு எப்பிடி ஐயா வரும்?”

“வந்தா உங்கட கொம்பனிதான் பாக்கோணும்!”

பொலிசி கைக்கு வந்த அன்றுதான் அவருடைய குறட்டையை முதன்முதலாகக் கேட்டோம். அதற்குப் பிறகு தூக்கம் போனது எங்களுக்கு.

பயந்த நாளும் வந்தது. கொட்டாஞ்சேனையில் பேக்கரி வைத்திருந்த அந்தோணிக்கு வாதத்தில் வலது கை விழுந்திருந்தது. அவரை ஸ்டூலில் இருத்திப் பின்னப் பழக்கும்போது ஸ்டூல் சரிந்து, நன்றாயிருந்த இடது மணிக்கட்டும் முறிந்தது. அந்தோணியின் மருமகன் கோர்ட்டுக்குப் போவேன் என்று குதித்தான். ஏஜெண்ட் ஓடி வந்தார்.

“ஐயா, வாயைத் திறக்காதேங்கோ! பிழை எண்டு ஒரு சொல்லுச் சொன்னா கொம்பனி கைவிட்டிடும்.”

கூடை டொக்டர் தலையாட்டினார். மறுநாள் என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறினார். வழி முழுக்கப் பேச்சில்லை. வாயைத் திறக்காமலிருக்கப் பழகுகிறார் என்று நினைத்தேன்.

பேக்கரிக்குள் அந்தோணி, மகள் தேநீர் ஊட்ட, குழந்தையைப்போல் குடித்துக்கொண்டிருந்தார். கூடை டொக்டர் அவர் முன்னால் போய் நின்றார்.

“பிழை என்னுடையதுதான். ஸ்டூல் ஆடுறது எனக்குத் தெரியும். கவனியாமல் விட்டிட்டன். மன்னியுங்கோ.”

பாய்வதற்குத் தயாராயிருந்த மருமகன் அப்படியே நின்றுவிட்டான். பின்னப் பழகும்போதே பொலிசிக் கதை முழுதும் அறிந்திருந்த அந்தோணிதான் கேட்டார்.

“என்னங்கையா, இப்புடிச் சொல்லிட்டீங்க? இன்சூரன்ஸ் போயிருமே!”

“போகட்டும். முதல்ல உங்கட ரெண்டு கையும் வரோணும்.”

இன்சூரன்ஸ் போனது. வழக்கு வரவில்லை. அவர் மட்டும் தினமும் கொட்டாஞ்சேனைக்குப் போனார். முறிவு பொருந்தியதும், பிரம்பை விட்டுவிட்டு, அந்தோணியை மாவு பிசைய வைத்தார். மாதங்கள் கழித்து ஒரு காலை, அந்தோணி தன் கையாலேயே பிசைந்து சுட்ட பாணுடன் போர்டிங்குக்கு வந்தார். பாண் செங்கல் மாதிரி இருந்தது. கூடை டொக்டர் தேநீரில் தோய்த்துத் தோய்த்து, ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய மனிதர்கள் என்னிடம் அளந்து அளந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தப் பயந்தாங்கொள்ளி மனிதரைப் பார்க்கவேண்டும்போல் இருக்கும்.