ஒரு சொட்டும் விழக்கூடாது

மூன்றாவது எண்ணெய்ச் சொட்டு சரியாக இடது கண்ணில் விழுந்தது. லாரி மெக்கானிக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். எண்ணிக்கையை மட்டும் விடவில்லை. பத்து நிமிடத்துக்கு மூன்று. ஒரு மணி நேரத்துக்குப் பதினெட்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குள் அது பூஜ்யமாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவனுக்குக் கல்யாணம் இல்லை.

பெண்ணின் அப்பா முப்பத்தைந்து வருஷம் லேத் மெஷின் முன்னால் நின்று ஓய்வு பெற்றவர். தொழிற்சாலையில் அவருக்கு வைத்த பெயர் மைக்ரோமீட்டர். தலைமயிரின் பருமனை அளக்கிற அந்தக் கருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் கடைத்தெருவுக்கே போவார். வீட்டில் காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதென்றாலும் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சுத்தியலைத் தூக்குவார்.

அவரிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. சிவப்பு; கூரை கிடையாது; இரண்டு பேருக்கு மேல் உட்கார முடியாது; மூக்கு மட்டும் தெருவுக்குப் பாதி நீளம். பழைய இரும்புக் கடையில் துருவேறிக் கிடந்ததை இழுத்து வந்து, ஞாயிறு தவறாமல் அதன் அடியில் படுத்து, தேய்ந்துபோன சாமான்களைத் தானே கடைந்து போட்டு ஓட வைத்துவிட்டார். இருபது வருஷமாக ஓடுகிறது. இருபது வருஷமாக ஒழுகுகிறது.

வியாழக்கிழமை மாலை மெக்கானிக் பெண் கேட்டுப் போனான். முதல் நாளே நகக்கண்ணையெல்லாம் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்திருந்தான். மைக்ரோமீட்டர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார். என்ன வேலை என்று கேட்டார். சொன்னான். அவர் எழுந்துபோய்க் கார்ச் சாவியைக் கொண்டுவந்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குக் கொண்டாந்து நிறுத்து. அடியில வெள்ளைத் துணி விரிப்பேன். ஒரு மணி நேரம் பார்ப்போம்."

"ஒரு சொட்டும் விழக்கூடாதுங்களா சார்?"

"விழுந்தா துணியைத் துவைச்சுக்கலாம்," என்றார் அவர்.

வாசலுக்கு வந்ததும் மெக்கானிக், அதற்கு என்ன அர்த்தம் என்று வழியனுப்ப வந்த பெண்ணிடம் கேட்டான். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நோயாளியின் வீட்டாரிடம் உண்மையைச் சொல்லிப் பழகிய முகத்தோடு சொன்னாள். "அப்பா கத்தினா ஒண்ணும் இல்லை. இப்படி அமைதியாச் சொன்னாருன்னா, விழுந்தா உன்னைத் துவைச்சுக் காயப்போட்டுருவேன்னு அர்த்தம்."

அக்காவைக் கட்டிக்கொண்டவர் பள்ளிக்கூட வாத்தியார் ஆயிற்றே, அவருக்கும் இந்தப் பரீட்சை உண்டா என்று கேட்டான். அவருக்குக் கார்க் கதவைத் திறக்கவே தெரியாது, அதனால் அப்பா அவரை ஒன்றும் கேட்கவில்லை என்றாள். "உன்னை யாரு மெக்கானிக்னு சொல்லச் சொன்னா? சும்மா லாரி ஆபீஸ்ல இருக்கேன்னு சொல்லியிருக்கலாம்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் அப்பா பேச்சை மீறி வரமாட்டேன். முன்னாடியே சொல்லியிருக்கேன். எப்படியாவது நிறுத்திடு."

அப்படித்தான் வெள்ளிக்கிழமை காலை அந்தக் கார் லாரிப் பட்டறையின் மூலையில், இரண்டு பதினாறு சக்கர வண்டிகளுக்கு நடுவே, யாரோ மறந்துவைத்துவிட்டுப் போன பொம்மை மாதிரி நின்றது. லாரிக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டீ குடிக்கலாம். இதற்கு அடியில் மூச்சை இழுத்தால் வயிறு எஞ்சினில் இடித்தது.

கசிவு எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. எஞ்சின் முழுக்க அழுக்கும் எண்ணெயும் கலந்து கறுப்புக் களிமண் அப்பியிருந்தது. கழுவினால்தானே தெரியும் என்று மண்ணெண்ணெயை ஊற்றிக் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்த்தான். மதியத்துக்குள் எஞ்சின் பளபளவென்று ஆகிவிட்டது. ஸ்டார்ட் பண்ணிவிட்டுக் குனிந்து பார்த்தான். ஒரு இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது இப்போது மூன்று இடத்தில் ஒழுகியது.

பக்கத்தில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த வெல்டர் எட்டிப் பார்த்தார். பட்டறையிலேயே மூத்தவர் அவர்தான். "கழுவிட்டியா? இருபது வருஷமா அந்த அழுக்குதானடா அடைச்சுப் புடிச்சுக்கிட்டு இருந்திருக்கு."

"திரும்ப அப்ப முடியுமாண்ணே?"

"இன்னும் இருபது வருஷம் ஆவும்," என்றார் வெல்டர். "பொண்ணு காத்திருக்குமா கேளு."

அவளே போனில் வந்தாள். எத்தனை சொட்டு என்று கேட்டாள். குறைந்திருக்கிறது என்றான். சொட்டுச் சொட்டாக வருகிறதா, விட்டு விட்டு வருகிறதா, என்ன நிறம் என்றெல்லாம் கேட்டுக்கொண்டாள். கடைசியில், பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று அவள் தன்னையறியாமல் சொல்லிவிட்டாள். அந்த வார்த்தையை அவள் யாரிடமெல்லாம் சொல்வாள் என்று அவனுக்குத் தெரியும்.

மேல் மூடியில் கசிவது கண்ணுக்குத் தெரிந்தது. மூடிக்குக் கீழே எண்ணெயைத் தடுக்கிற தக்கைப் பேக்கிங், அதை அழுத்திப் பிடிக்க இரண்டே இரண்டு நட். மெக்கானிக்கின் கை லாரிக் கை. கட்டைவிரல் தடிமன் போல்ட்டைக் குழாய் மாட்டி இழுத்து முறுக்குகிற கை. சட்டைப் பொத்தான் அளவு நட்டை மெதுவாகத்தான் திருப்பினான். இன்னும் கால் சுற்று, பயத்துக்கு இன்னொரு கால் சுற்று. உள்ளே 'டக்' என்றது. பேக்கிங் நாக்கைத் துருத்துவதுபோல வெளியே பிதுங்கி வந்தது. மூடி நடுவில் குழிந்து, ஓரம் தூக்கிக்கொண்டது.

மூடியைக் கழற்றிப் பலகையில் கவிழ்த்து மரச்சுத்தியலால் தட்டி நேராக்கினான். லாரிக்கு வாங்கிவைத்த தக்கைத் தாளை வெட்டிப் புதுப் பேக்கிங் செய்தான். இரண்டு பக்கமும் பேஸ்ட் தடவி உட்காரவைத்தான். அந்த ஓரம் நின்றுவிட்டது. எதிர் ஓரத்தில் வழிந்தது.

சனிக்கிழமை காலையில்தான் அவனுக்கு அந்த நல்ல யோசனை வந்தது. எஞ்சினின் பக்கவாட்டில் விரல் தடிமனுக்கு ஒரு குழாய் கீழ்நோக்கி வளைந்து நின்றது. எஞ்சின் உள்ளே சேருகிற புகையை வெளியே விடுகிற மூச்சுக்குழாய். அதன் முனையிலும் எண்ணெய் துளிர்த்துக்கொண்டிருந்தது. லாரியில் அதைத் தொடக்கூடாது என்று முதல் வருஷத்திலேயே கற்றவன்தான். ஆனால் இரண்டு ராத்திரியாகத் தூக்கம் இல்லாதவனுக்கு ஓட்டை என்றால் அடைக்க வேண்டிய ஒன்று, அவ்வளவுதான். மற்ற இடங்களில் பேஸ்டை அப்பிவிட்டு, ஒரு ரப்பர் கட்டையைச் சீவி அதில் அடித்து இறுக்கி எஞ்சினைக் கிளப்பினான்.

ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம். ஒரு சொட்டு இல்லை. மெக்கானிக் தரையில் உட்கார்ந்தபடியே போனை எடுத்து, நின்றுவிட்டது என்று அவளிடம் சொன்னான். அவள் அழுதேவிட்டாள். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே, இன்னும் உறுதியாகத் தெரிந்துகொள்ளலாம் என்று எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கிவிட்டான்.

வெளியேற வழியில்லாத புகை முட்டி, எண்ணெய் மட்டம் பார்க்கிற கம்பி அம்பு மாதிரி கிளம்பித் தகரக் கூரையில் போய் இடித்தது. கீழே எங்கோ 'புளுக்' என்றது. எஞ்சினின் பின்பக்கத்தை அடைத்திருக்கிற சீல் வளையம் தன் இடத்தைவிட்டுப் பிதுங்கி, அந்த வழியாக எண்ணெய் இனி சொட்டாக இல்லாமல் கயிறாக இறங்கியது.

"என்ன சத்தம்?" என்றாள் போனில்.

"லாரி," என்றான்.

அந்த சீல் எந்தக் கடையிலும் கிடைக்காது. மைக்ரோமீட்டர் தானே அளவெடுத்துச் செய்தது. மாற்ற வேண்டுமானால் எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். ரப்பர் கட்டையைப் பிடுங்கினான், சீலைத் திருப்புளியால் தள்ளிப் பார்த்தான், அது போன இடத்திலேயே நின்றது. வெல்டர் சொன்னபடி லாரிக் கியர்ப் பெட்டிக்கு ஊற்றுகிற கெட்டி எண்ணெயை மாற்றி ஊற்றியதில் கயிறு நூலாயிற்று. எஞ்சின் சூடானதும் நூல் மறுபடி கயிறாயிற்று. ஐந்து இடம். விரல் விட்டு எண்ணினால் ஒரு கை முடிந்துவிட்டது.

ஞாயிறு மதியம் அவள் பட்டறைக்கே வந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். நின்றுவிட்டதென்று சொன்னது பொய் இல்லை, நான்கு நிமிடம் உண்மையாகவே நின்றிருந்தது என்றும் சொன்னான். அவள் காரின் அடியில் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்து பெரிய பொட்டலம் ஒன்றை எடுத்தாள்.

"வார்டுல வாங்கினது. பெரியவங்களுக்குக் கட்டுற டயாப்பர். ஒண்ணரை லிட்டர் தாங்கும்."

"இது மோசடி," என்றான் மெக்கானிக்.

"மூணு மணி ஆவுது," என்றாள் அவள்.

இருவரும் சேர்ந்து கட்டினார்கள். வயதானவரைப் புரட்டுகிற லாவகத்தோடு அவள் கையை விட்டு ஒட்டும் பட்டைகளை இழுத்து ஒட்டினாள். வெளியே தெரியாமல் கறுப்பு ரப்பர்த் தாள் போட்டுக் கம்பியால் இறுக்கினான். தூர நின்று பார்த்த வெல்டர் இன்னொரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போனார்.

நாலு மணிக்கு மைக்ரோமீட்டர் வாசலில் தயாராக இருந்தார். கார் நின்றதும் வெள்ளைப் போர்வையை அடியில் தள்ளி நான்கு மூலையையும் இழுத்துச் சமன் பார்த்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்து மடியில் வைத்திருந்தார். அவருடைய மனைவி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசற்படியிலேயே நின்றுகொண்டாள். மகள் ஜன்னலுக்குப் பின்னால்.

பதினைந்து நிமிடம். போர்வை வெள்ளையாகவே இருந்தது. மைக்ரோமீட்டர் போர்வையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அரை மணி. அவர் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. மெக்கானிக்குக் காது மடலில் வியர்த்தது. சூடு பட்டு அந்தப் பஞ்சு கருகுகிற வாசனை தனக்கு மட்டும்தான் வருகிறதா என்று தெரியவில்லை.

"ஒழுகறது சுத்தமா நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு சார்."

"எப்படி நிறுத்தினே?"

"கொஞ்சம் பேக்கிங் வெச்சேன் சார்."

அவர் தலையை ஆட்டினார். ஐம்பதாவது நிமிடம் கடிகாரத்தை மனைவியிடம் நீட்டினார். எழுந்து நாற்காலியை மடக்கினார். துக்க வீட்டில் விடைபெறுகிறவரின் குரலில், "நல்ல வேலைக்காரன்தான் நீ," என்றார். "உனக்கு நல்ல இடமா அமையும். சாவியைக் குடுத்துட்டுப் போ."

ஜன்னலுக்குப் பின்னால் எதுவோ கீழே விழுந்து உடைந்தது. மெக்கானிக் சாவியைச் சட்டைப்பையில் தேடினான். கண்டுபிடித்துவிட்டார், மரியாதையாகச் சொல்லி அனுப்புகிறார். திருடன் என்ற பெயரோடு போவதைவிட உளறுவாயன் என்று போவது மேல் என்று தோன்றியது.

"சார், நானே சொல்லிடறேன்," என்று தொடங்கினான்.

சொல்ல விடவில்லை. காரின் அடியில் 'பிய்ங்' என்று கம்பி அறுந்தது. ஒன்றரை லிட்டருக்கு மேலேயே தாங்கிவிட்ட அந்தப் பொட்டலம், அப்போதுதான் குளிப்பாட்டி எடுத்த ஆட்டுக்குட்டி கைதவறி விழுந்ததுபோல், போர்வையின் நடுவில் 'சொத்' என்று விழுந்தது. அதன் பின்னாலேயே ஐந்து இடத்திலிருந்தும் எண்ணெய் இறங்கியது. ஒரு நிமிடத்தில் போர்வையில் வெள்ளை என்று சொல்லிக்கொள்ள மூலைகள்தான் மிச்சம்.

மைக்ரோமீட்டர் குனிந்து அதை இரண்டு விரலால் தூக்கினார். ஆஸ்பத்திரி முத்திரை தெரிந்தது.

"இது யாரு யோசனை?"

"என்னோடதுப்பா," என்றாள் மகள், ஜன்னலிலிருந்து.

"எத்தனை இடத்துல ஒழுகுது?"

"அஞ்சு சார்," என்றான் மெக்கானிக்.

"நான் குடுக்கும்போது?"

"ஒண்ணு."

அவர் அந்தப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். நாற்காலியை மறுபடி விரித்தார். சட்டையைக் கழற்றி அதன் முதுகில் மாட்டினார். போர்வையின் மேலேயே மல்லாந்து படுத்துக் காரின் அடியில் நழுவிப் போனார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டது, தடவுகிற சத்தம் கேட்டது. மூச்சுக்குழாயில் ரப்பர் அடித்தாயா என்று கேட்டார். அடித்தேன் என்றான். மூடியைத் தட்டினாயா என்றார். தட்டினேன் என்றான். அவர் காலின் பெருவிரல் தானாக ஆடத் தொடங்கியது.

"எஞ்சினை இறக்கணும். எல்லா சீலையும் புதுசாக் கடையணும். ரெண்டு வருஷ வேலை வெச்சிருக்கே," என்றது காருக்கு அடியிலிருந்து வந்த குரல். "தனி ஆளால முடியாது. அடுத்த ஞாயிறு காலையிலேயே வந்துடு."

"சார்?"

"வரும்போது உங்க அப்பா அம்மாவையும் கூட்டிட்டு வா. நாள் பேசணும்ல. இப்ப அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடு."

மெக்கானிக் ஸ்பேனரை எடுத்தான். ஆனால் கொடுக்கத் தோன்றாமல், சுவிட்சை அணைத்த மெஷின் மாதிரி அப்படியே நின்றான். டீ டம்ளரை எடுக்க வந்த பெண்ணின் அம்மா, காருக்கு அடியில் கேட்காத குரலில் அவன் பக்கம் சாய்ந்தாள்.

"மூத்தவளைக் கேட்டு முதல்ல வந்த பையன் ஒரே நாள்ல ஒழுகறதை நிறுத்திட்டான் தம்பி, அவனை வேண்டாம்னு அனுப்பிட்டு, இவரு ஒரு வாரம் அடியிலேயே கிடந்து மறுபடியும் ஒழுக வெச்சாரு."