கோர்பி வீட்டுச் சாய்வுப்பலகை

புருவேசி ஏரிக்கரை,
நடுக்கோடைத் திருநாள் மாலை.

மரியாதைக்குரிய ஹில்க்கா அத்தைக்கு, உங்கள் தம்பி மகள் லெம்பி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, கொசுக்கள் எல்லாரும் சுகம். ஓலுவில் உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் நீங்கள் "ம், சொல்லு" என்றதும் எனக்கு எல்லாம் மறந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

முதல் செய்தி: நீங்கள் கொடுத்த சி.என்.சி. இயந்திரம் வேலை செய்கிறது. கணினியில் நான் வரைவதை மரத்தில் அப்படியே குடைகிறது. பாகங்களைப் பூட்டியதும் நான், ஓட்டியதும் நான்.

வேறு இடமில்லாமல் அதை நம் நீராவிக் குளியலறையான சவுனாவின் உடைமாற்றும் அறைப் பெஞ்சில் வைத்தேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "விருந்தாளி துணி அவுக்குற எடத்துல உனக்குப் பட்டறையா? துண்டு பூரா மரத்தூள். தொடைச்சுட்டு வந்தா மாவுல புரட்டுன மீனு மாதிரி நிக்கிறோம். திருநாளுக்குள்ள உருப்படியா ஒரு பொருள் வரணும். வரலைன்னா இந்த மிஷின் பெட்டிய வித்துடுவேன்" என்றார். நான் பள்ளியைப் பாதியில் விட்டபோதுகூட அம்மா இத்தனை வார்த்தை பேசவில்லை. பயந்துபோனேன். அப்பாதான், "சவுனா உள்ள, மேல் பெஞ்சுக்குப் பின்னால சாய்ஞ்சுக்குற பலகை வெடிச்சுக் கெடக்கு. புதுசா ஒண்ணு செய்யேன். நடுவுல நம்ம பேரப் போடு" என்று சொல்லி, சூட்டிலும் முதுகைச் சுடாத நல்ல ஆஸ்பென் மரப் பலகை ஒன்றை வாங்கிவந்தார்.

அதில் நேரடியாகக் கைவைக்காமல் முதலில் ஒரு துண்டு மரத்தில் வட்டம் வெட்டச் சொன்னேன், முட்டை வந்தது. அப்பா எட்டிப் பார்த்து, "கோழிக்கு ஒடம்பு சரியில்ல போல" என்றார். சட்டம் கோணலாக இருந்திருக்கிறது. எல்லாத் திருகாணிகளையும் தளர்த்தி, மூலைக்கு மூலை அளந்து, இரண்டு அளவும் ஒன்றாக வரும்வரை தட்டித் தட்டி மறுபடி முடுக்கினேன், வட்டம் வட்டமாகவே வந்தது. ஆனால் அடியில் ஒரு மலிவுப் பலகை போட்டுக்கொள்ள வேண்டும், குடையும் முனையான பிட் ஆழம் தவறினால் அடி வாங்குவதற்கு, அதைப் போட மறந்திருந்தேன், அதனால் அம்மாவின் பெஞ்சிலும் இப்போது ஓர் அழகான வட்டம் இருக்கிறது, அதன்மேல் துண்டு விரித்து வைத்திருக்கிறேன், நீங்கள் வந்தால் அந்தத் துண்டை எடுக்காதீர்கள்.

அடுத்து பிட். தூளை மேலே வாரியெறியும் சுருள் பிட்டை முதலில் போட்டேன். அது தூளோடு மரத்தின் நாரையும் பிடித்துத் தூக்கியது. ஆஸ்பென் மெத்தென்ற மரம், ஓரமெல்லாம் பூனைக்குட்டி மாதிரி சிலிர்த்துக்கொண்டது. அப்பா தடவிக்கொடுத்து, "பால் வச்சியா இதுக்கு?" என்றார். பிறகு நாரைக் கீழே அழுத்தி வெட்டும் எதிர்ச்சுருள் பிட்டை மாட்டினேன், விளிம்பு கண்ணாடி மாதிரி வந்தது. எழுத்துக்குக் கூர்நுனி பிட் வேண்டும், அதையும் மாட்டினேன். பிட்டை மாற்றினால், நுனிக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டை வைத்து, அது லேசாகப் பிடிபடும்வரை இறக்கி, இதுதான் மேல்மட்டம் என்று இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. புது பிட் பழையதைவிட நீளம். நிறுத்தும் பொத்தானைத் தேடிப் பிடிப்பதற்குள் நம் பெயரின் முதல் எழுத்தான K முடிந்துவிட்டது, நினைத்ததைவிட ஆழம், ஆழமானதால் அகலமும், விரல் உள்ளே போகும். யோசித்தேன். ஓர் எழுத்து மட்டும் பள்ளமாக இருந்தால் அது பிழை, KORPI என்ற ஐந்தும் அப்படியே இருந்தால் அதுதான் பாணி. பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

சூட்டில் நாறும் என்பதால் வார்னிஷ் பூசாமல் அப்படியே மாட்டினோம். அம்மா வந்து எழுத்துக்குள் விரல் விட்டு ஓட்டிப் பார்த்தார். "இருட்டுலகூடப் படிக்கலாம்" என்றார். அத்தை, எனக்கு இன்று சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு பெருமை. ஆனால் பெட்டியைப் பற்றிக் கேட்டதற்கு, "இன்னிக்கு தைஸ்தோ வர்றான்ல, அவன் வாயால ஒரு கொறை வராம போகட்டும், அப்புறம் பேசலாம்" என்றுவிட்டார். பக்கத்து வீட்டுத் தைஸ்தோவை உங்களுக்குத் தெரியும். நம் படகுத்துறை, நம் நாய், எதையும் அவர் இதுவரை பாராட்டியதில்லை. இதோ, சவுனா சூடாகிக்கொண்டிருக்கிறது. என் பலகையில் அவரால் ஒரு குறையும் சொல்ல முடியாது.

இனி இவ்வளவு ஆழமாக வெட்ட மாட்டேன். மயிரிழை போல எழுத ஒரு மெல்லிய நுனி பிட் மட்டும் அனுப்புங்கள். உங்கள் காபிப் பானை காலியாகாமல் இருக்கட்டும், முழங்கால் உங்கள் சொல்லைக் கேட்கட்டும்.

அன்புடன்,
லெம்பி கோர்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் இது. யார் முதலில் சூடு தாங்காமல் எழுந்து வெளியே போவது என்று அப்பாவுக்கும் தைஸ்தோவுக்கும் வழக்கமான போட்டி. அப்பா குனிந்து, சூட்டைக் கூட்ட அடுப்புக் கல்லில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாராம், தைஸ்தோ என் பலகையில் அழுந்தச் சாய்ந்துகொண்டே இருந்தாராம். கடைசியில் தைஸ்தோதான் எழுந்து ஓடி ஏரியில் குதித்தார். துண்டைக் கட்டிக்கொண்டு கரையேறி, தொத்திறைச்சி சுட்டுக்கொண்டிருந்த எல்லாரையும் தாண்டி நடந்தார். சிவந்த முதுகில் எங்கள் குடும்பப் பெயர், இடம் வலம் மாறிய கண்ணாடி எழுத்தில், ஐந்து எழுத்தும் புடைத்துக்கொண்டு. அவர் மனைவி, "படகுக்குப் பேரு எழுதுற மாதிரி எழுதிட்டாங்களே. இனி ராத்திரி உன்னைய அவுங்க துறையிலயே கட்டிப் போடட்டும்" என்றார். நான் விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பெட்டி போயிற்று என்று நினைத்தேன். அம்மா துறையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தைஸ்தோ விறகுக் குவியலைச் சுற்றிக்கொண்டு என்னிடமே வந்தார். மெதுவாகக் கேட்டார்: "எனக்கும் ஒண்ணு செய்வியா? எங்க வீட்டுப் பேரு. எழுத்த மட்டும் திருப்பிப் போட்டுடும்மா, முதுகுல நேரா விழணும். அடுத்த சனிக்கிழம உங்கப்பன் எங்க சவுனாவுக்கு வர்றான்."

பின்னாலேயே வந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செய்வா, செய்வா. பெட்டி எங்கயும் போகாது" என்றார்.

ஆகவே அத்தை, மெல்லிய பிட் வேண்டாம். இருப்பதிலேயே அகலமானதை அனுப்புங்கள். அப்பா இன்னும் உள்ளேதான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். அவருக்கு நீங்கள் எதுவும் எழுத வேண்டாம்.