இரவல் முதுகு

சினிமாக் கொட்டகை வாசலில் ஒட்டியிருந்த சுவரொட்டியை ஹினெக் மூன்று தடவை படித்தார். மூன்று தடவையும் அதில் அவர் பெயர்தான் இருந்தது.

'சனிக்கிழமை மாலை ஐந்து மணி. எல்லோருக்கும் பிடித்த அந்தப் பழைய பொய்யன் படம். அதில் நடித்த நம்மூர் ஹினெக் வெர்பா நேரில் வருகிறார்.'

தப்பு முழுக்க அவருடையது. தாபோர் ரயில் நிலையத்தின் விசாரணைக் கவுண்டரில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்து, "இதோ, இப்ப வந்துடும்" என்று சொல்லிச் சொல்லியே பழகிய வாய். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், வாய் பெறவில்லை.

மூன்று வாரத்துக்கு முன், நூல்கடையில் வேலை பார்க்கும் லிபுஷேயின் வீட்டு டெலிவிஷனில் அந்தப் படம் ஓடியது. லிபுஷே புருஷனை இழந்தவள். ஆப்பிள் கேக் நன்றாகச் செய்வாள். படத்தில் பொய்யனான கதாநாயகன் நடன விடுதியில் ஒருத்தியை மயக்கிக்கொண்டிருக்க, பின்னால் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு முதுகு நாலு நொடி வந்து போகும்.

"அந்த முதுகு நான்தான்" என்றார் ஹினெக். பேச்சு நின்றுபோயிருந்தது, வேறு காரணம் இல்லை.

லிபுஷே அவரை நெடுநேரம் பார்த்தாள். பிறகு இன்னொரு துண்டு கேக் வெட்டி அவர் தட்டில் வைத்தாள். அந்தத் துண்டு கொடுத்த தைரியத்தில் ஹினெக், தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டுவிட்டார்.

"இந்தப் படத்தைப் பெரிய திரையில உங்களோட ஒரு தடவை பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். கொட்டகைக்குப் போய் முதுகு விஷயத்தைச் சொன்னதும் அவள்தான்.

ஹினெக் கொட்டகை மேனேஜர் ஷெபெஸ்டாவிடம் ஓடினார்.

"சனிக்கிழமை வர முடியாது சார். முதுகு வலி."

"எது, அந்த முதுகா?"

"என்கிட்ட இருக்கறது ஒண்ணுதான்."

மறுநாள் சுவரொட்டியில் ஒரு வரி கூடியிருந்தது: 'கடும் முதுகு வலியையும் பொருட்படுத்தாமல் வருகிறார்!' மாலைக்குள் பதினோரு பேர் அவர் வீட்டுக்குத் தைலம் கொண்டுவந்தார்கள். ஒருவர் தேய்த்துவிட்டே போனார். அதற்குப் பிறகு வலி உண்மையாகவே வந்தது.

அடுத்து, படம் ஓட்டும் வெண்டெலினிடம் ஒரு பாட்டில் பிளம் சாராயத்தோடு போனார்.

"அந்த நாலு நொடியை மட்டும் வெட்டிடு வெண்டெலின்."

"எதுக்கு?"

"அடக்கம்தான்."

"அடக்கத்துக்கு முழு பாட்டிலா?" என்றான் வெண்டெலின். ஆனாலும் வாங்கிக்கொண்டான்.

சனிக்கிழமை இருநூறு பேர் வந்திருந்தார்கள். லிபுஷே முதல் வரிசையில் ஹினெக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெண்டெலின் எதையும் வெட்டியிருக்கவில்லை. பாட்டிலில் இருந்ததெல்லாம் அப்போது அவனுக்குள் இருந்தது. முதுகு திரைக்கு வந்த சமயத்தில்தான் ஞாபகம் வந்து, எதையோ பிடித்து இழுத்தான். படம் அறுந்தது. விளக்குகள் எரிந்தன.

"யாரும் எழுந்திருக்காதீங்க!" மேனேஜர் மேடையில் ஏறினார். "ஒட்டி முடிக்கற வரைக்கும் அசல் முதுகையே பாத்துடலாம். ஹினெக் சார், வாங்க. அப்படியே திரும்பி நில்லுங்க."

நின்றார். எதிரே வெள்ளைத் திரை. பின்னால் நானூறு கண்கள், அவற்றில் இரண்டு லிபுஷேயுடையவை. யார் முகமும் தெரியாத அந்த இடத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் வாய்க்குப் பொய் எதுவும் கிடைக்கவில்லை.

"அது நான் இல்ல" என்றார் திரையிடம்.

"சத்தமா சொல்லுங்க!"

"அது நான் இல்ல! அந்தப் படம் எடுத்த வருஷம் நான் இந்த ஊரைத் தாண்டினதே இல்ல. லிபுஷேகிட்டப் பொய் சொன்னேன்!"

கொட்டகை அதிர்ந்தது. "பாருய்யா, அந்தப் பொய்யன் மாதிரியே நடிக்கறாரு!" என்று யாரோ கத்தினார்கள்.

"சத்தியமா!" என்றார் ஹினெக். கைதட்டல் இரட்டிப்பானது.

திரும்பிப் பார்த்தார். லிபுஷேயின் இருக்கை காலி.

வெளிக்கூடத்துக்கு ஓடினார். கோட்டுகளை வாங்கி மாட்டி வைக்கும் கிழவி ரூஷெனா மேஜைக்குப் பின்னால் கையுறை பின்னிக்கொண்டிருந்தாள்.

"ரூஷெனாக்கா, லிபுஷே போயிட்டாளா?"

"வாசல்ல நிக்கறா."

"அழறாளா?"

"மூக்கைச் சிந்தறா. எதுக்குன்னு எனக்கென்ன தெரியும், வெளியில பனி."

"எனக்குப் பதில் சொல்றேன்னு சொல்லியிருந்தா அக்கா. இனிமே எங்க சொல்லப்போறா? நீங்களாவது சுத்தி வளைக்காம சொல்லுங்க, என்னைக் கட்டிக்குவாளா, மாட்டாளா?"

ரூஷெனா பின்னலை வைத்துவிட்டு எழுந்தாள். கொக்கியிலிருந்து அவர் கோட்டை எடுத்தாள். பக்கத்தில் தொங்கிய லிபுஷேயின் நீலக் கோட்டையும் எடுத்து, இரண்டையும் சேர்த்து அவர் கையில் போட்டாள்.

"கட்டிக்குவா தம்பி. அவ புருஷனும் அந்த முதுகு தன்னோடதுன்னு சொல்லித்தான் அவளைக் கட்டினாரு. ஒரே ஒரு தடவை 'நான் இல்ல'ன்னு சொல்லிட மாட்டாரான்னு அவ இருபத்தாறு வருஷம் காத்துக் கிடந்தா."