ஏசி நன்றாகத்தான் ஓடுகிறது, மச்சான்

என் மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் என்றும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், மகள் நலம், வீட்டு ஏசி பரிபூரண நலம். உங்கள் தங்கை நலமா என்பதை ஒரே வரியில் சொல்ல முடியாது என்பதால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். சொல்லத்தான் பார்த்தேன். முந்தாநாள் நீங்கள் கூப்பிட்டு, "போட்டோல பாத்தேன் மாப்ளே, என் தங்கச்சிக்குக் கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு நிக்குது. ஒருத்திக்குச் சோறு போட உனக்கு வக்கில்லையா? ஞாயித்துக்கிழமை வரேன். வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றீர்கள். நான் "மச்சான், அது வந்து" என்றேன். அதற்குள் வைத்துவிட்டீர்கள். திரும்பக் கூப்பிட்டேன். அப்போதும் "அது வந்து" வரைக்கும்தான் போக முடிந்தது. கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கிழிக்க முடியும். கிழிப்பதாக இருந்தால் தயவுசெய்து கடைசி வரை படித்துவிட்டுக் கிழியுங்கள். என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். அவள் இல்லாமல் எனக்கு இந்த வீட்டில் கை ஓடாது, கால் ஓடாது.

முதலில் சோற்று விஷயம். உங்கள் தங்கை நான் சாப்பிடுகிற அளவு சாப்பிடுகிறாள், மகள் மிச்சம் வைப்பதையும் சாப்பிடுகிறாள், பிறகு பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்து, "என்னங்க, வேற ஏதாவது இருக்கா?" என்று என்னையே கேட்கிறாள். அப்படியும் இளைக்கிறாள். கீழ்வீட்டுத் தையல்காரம்மா அவளுடைய உடைகளைப் பிடித்துக் கொடுத்துப் பிடித்துக் கொடுத்து, இனிமேல் பிடிக்கத் துணியே இல்லை என்று கையை விரித்துவிட்டார். சாப்பிடாமல் குண்டாகிறவன் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். இருக்கிற சோறெல்லாம் என் வயிற்றுக்குத்தான் போகிறது என்று தெருவே பேசிக்கொள்கிறது.

அடுத்தது ஏசி. உங்களுக்குத் தெரியும், நான் இருபது வருஷமாக ஏசி மெக்கானிக். அப்படிப்பட்டவன் வீட்டில், மனைவி வியர்த்து ஒழுகிக்கொண்டு, "ஏசி கூலிங்கே இல்லைங்க" என்றால் எப்படி இருக்கும்? ஃபில்டரைக் கழுவினேன். கெப்பாசிட்டரை மாற்றினேன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, நன்றாக இருந்ததையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வைத்தேன். கேஸ் சரிபார்த்தேன். அவளோ ரிமோட்டை எடுத்து ஆகக் குறைந்த எண்ணில் வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்று விசிறிக்கொள்கிறாள். நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் போர்வை, காதுக்குத் துண்டு. அறையில் தெர்மாமீட்டர் மாட்டி, "பாரு, எவ்ளோ குளிருதுன்னு நீயே பாரு" என்றேன். "தெர்மாமீட்டருக்கா வேர்க்குது? எனக்குத்தானே வேர்க்குது" என்றாள். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவளிடம் வாதம் பண்ணி ஜெயித்தவன் யார்? மாடிவீட்டுக்காரர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, எனக்குக் கொடுத்திருந்த சர்வீஸ் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். சொந்தப் பெண்டாட்டியையே குளிர வைக்கத் தெரியாதவன் என்று பேர் வாங்கியாயிற்று.

இதற்கு மேல் ஒரு கூத்து நடந்தது, வெளியே சொல்லாதீர்கள். உங்கள் தங்கை டீயைக் கொண்டுவந்து நீட்டினால் கோப்பையும் தட்டும் கடகடகடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தன. எனக்கு ஒரே சந்தோஷம், கடைசியில் கோளாறு அகப்பட்டதே என்று. வெளிச்சுவரில் இருக்கிற அவுட்டோர் யூனிட் ஆடுகிறது, அந்த அதிர்வுதான் சுவர் வழியாக வீட்டுக்குள் வருகிறது என்று முடிவு கட்டினேன். வெயிலில் ஏணி போட்டு ஏறி, கீழே ரப்பர் கொடுத்து, போல்ட்டையெல்லாம் இறுக்கிவிட்டு இறங்கினேன். அவள் டீ கொண்டுவந்தாள். கடகடகட. மறுபடி ஏறினேன், இன்னும் தடித்த ரப்பர். இறங்கினேன். கடகடகட. மூன்றாவது தடவை ஏறப் போனபோது மகள்தான், "அப்பா, இன்னைக்குக் கரண்ட்டே இல்லையேப்பா" என்றாள்.

அப்போதுதான் மச்சான், முதல்முறையாக நான் தட்டைப் பார்க்காமல் கையைப் பார்த்தேன். விரல்கள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன. உட்காரச் சொல்லி, ஓடுகிற கம்ப்ரஸர் மேல் கை வைத்துப் பார்ப்பதுபோல அவள் முதுகில் உள்ளங்கையை வைத்தேன். என் தொழில் பழக்கம், வேறு என்ன தெரியும் எனக்கு? சும்மா உட்கார்ந்திருக்கிறவளின் நெஞ்சு, மாடிப்படி ஏறி ஓடிவந்தவள் நெஞ்சு மாதிரி அடிக்கிறது. உடம்பு கதகதவென்று சுடுகிறது, காய்ச்சல் இல்லை. இத்தனை நாளும் ஏசியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தவன், பக்கத்தில் இருக்கிறவளை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லையே என்று அழுகையே வந்துவிட்டது. "எத்தனை நாளா இப்படி அடிக்குது?" என்றேன். "ரொம்ப நாளா. நீங்க ஏசில பிஸியா இருந்தீங்க" என்றாள்.

முதலில் போன கிளினிக்கில் டாக்டர், "வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்று அவளிடம் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நீங்கள் பார்க்கிற அதே பார்வை. மனக்கவலை என்று மாத்திரை எழுதினார். அதில் குணமாகவில்லை. பிறகு ஹார்மோன் பார்க்கிற டாக்டரம்மா ஒருவரிடம் போனோம். அந்த அம்மா மனக்கவலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கைகளை நீட்டச் சொல்லி விரல்கள் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். காற்றே இல்லாத அறையில் தாள் படபடவென்று ஆடியது. தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லிக் கழுத்தைப் பார்த்தார், தடவிப் பார்த்தார், நெஞ்சில் வைக்கிற குழாயைக் கழுத்தில் வைத்துக் கேட்டார். கண்ணைப் பார்த்தார். "ஆச்சரியப்பட்ட மாதிரியே முழிக்கறீங்களே, முன்னாடியே அப்படியா?" என்றார். ரத்தம் எடுக்கச் சொன்னார்.

ரிசல்ட் வந்த அன்று நான் கேட்ட கேள்விகள் முடிகிற வழியாக இல்லாததால், வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டிவிட்டார்கள். விஷயம் இதுதான் மச்சான். கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறது. உடம்பு எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்பது அதன் கையில். அதற்கு உத்தரவு போடுவது மூளைக்கடியில் இருக்கிற இன்னொரு சின்னச் சுரப்பி. போதும் என்றால் உத்தரவைக் குறைக்கும், போதாது என்றால் கூட்டும். "அப்ப அது தெர்மோஸ்டாட், இது கம்ப்ரஸர்" என்றேன். டாக்டரம்மா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "வெச்சுக்கோங்க" என்றார். உங்கள் தங்கையின் ரத்தத்தில் உத்தரவு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. "ஓடு" என்று சொல்வதையே நிறுத்திவிட்டுத் தெர்மோஸ்டாட் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. ஆனால் தைராய்டு சுரப்பதோ எக்கச்சக்கம். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "டாக்டரம்மா, யாரோ டைரக்ட் கொடுத்துட்டாங்க!"

எங்கள் தொழிலில் தெர்மோஸ்டாட்டைத் தாண்டி நேராக ஒயர் இழுத்துவிடுவதற்கு டைரக்ட் கொடுப்பது என்று பேர். யார் கொடுத்தது என்று கண்டுபிடிக்கத்தான் இன்னொரு ரத்தப் பரிசோதனை. கொடுத்தது யார் தெரியுமா? காவல்காரன். கிருமி வந்தால் அடித்து விரட்டுவதற்காக உடம்பே வைத்திருக்கிற எதிர்ப்பு சக்தி இருக்கிறதே, அது தயாரிக்கிற ஒரு பொருள் நேராகத் தைராய்டிடம் போய், உத்தரவு மாதிரியே வேஷம் போட்டு, "ஓடு, ஓடு" என்று சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் சூடு, வியர்வை, படபடப்பு, நடுக்கம், தூக்கம் இல்லை, தின்றது உடம்பில் ஒட்டுவதில்லை, தொட்டதற்கெல்லாம் கோபம். என் சமையலைத் திட்டினதுகூடப் பாதி தைராய்டுதான், மீதி என் சமையல்.

"காவல்காரன் ஏன் இப்படிப் பண்றான்?" என்று கேட்டேன். "முழுக் காரணம் இன்னும் யாருக்கும் தெரியாது" என்றார். தெரியாது என்று வாய்விட்டுச் சொல்கிற டாக்டரை அன்றுதான் பார்த்தேன், அந்த அம்மா மேல் மரியாதை கூடிவிட்டது. பெண்களுக்கு அதிகம் வருகிறதாம். சிலருக்குப் பிரசவத்துக்குப் பிறகு வருமாம், சிலருக்குப் பெரிய மன உளைச்சலுக்குப் பிறகு. சிகரெட் பிடித்தால் கண்ணை இன்னும் மோசமாக்குமாம். குடும்பத்தில் ஓடுமாம். இப்போது சுரப்பதைக் குறைக்க ஒரு மாத்திரை, நெஞ்சு படபடப்புக்கு ஒன்று. அந்த மாத்திரை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால், தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் உடனே ஓடிவரச் சொல்லியிருக்கிறார். மாதக்கணக்கில் ஆகும், ஆனால் சரிப்படுத்தலாம் என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவர் ஆஸ்பத்திரி ஏசியை ஆயுசுக்கும் இலவசமாகப் பார்ப்பேன்.

இனி சொல்லப் போவதை நின்றுகொண்டு படிக்காதீர்கள், உட்காருங்கள். குடும்பத்தில் ஓடும் என்றதும் டாக்டரம்மா, "உங்க வீட்ல யாருக்காவது இருக்கா?" என்று கேட்டார். "யாருக்கும் இல்லை" என்றாள் உங்கள் தங்கை. "நல்லா சாப்பிட்டும் இளைக்கிறவங்க? எப்பவும் வேர்த்துக்கிட்டு? பட்டுனு கோபம் வர்றவங்க? கண்ணு கொஞ்சம் பெருசா?" அவள் என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். "எங்க அண்ணன் இருக்கார். ஆனா அது அவர் சுபாவம் டாக்டர்" என்றாள். மச்சான், கோபப்படுகிறவர்களுக்கெல்லாம் தைராய்டு இல்லை, ரத்தம்தான் சொல்ல வேண்டும் என்று அந்த அம்மாவே தெளிவாகச் சொன்னார். ஆனால் எங்கள் கல்யாண போட்டோவில் உங்கள் கண் இப்படி இல்லை. வீட்டுப் பிள்ளைகள் உங்களுக்கு ஹெட்லைட் மாமா என்று பேர் வைத்தது இந்த இரண்டு வருஷத்தில்தான். அந்தப் பேரை வைத்தது என் மகள் இல்லை என்று அடித்துச் சொல்ல ஆசை, ஆனால் அவள்தான். சிகரெட்டை அணைத்துவிட்டு, உங்கள் ஊரிலேயே ஒரு லேபுக்குப் போய் ரத்தம் கொடுங்கள். எங்கள் எல்லோருக்கும் உங்கள் மேல் பயம் உண்டு. அதைவிட அதிகமாகப் பாசம் உண்டு. இதை நேரில் சொல்ல என்னால் முடியாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள், முதலில் லேபுக்குப் போங்கள். உங்கள் வீட்டில் அக்காவுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும். நீங்கள் எல்லோரும் நீண்ட நாள் நிதானமான இதயத் துடிப்புடன் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
ஏசியைக் குறை சொல்லத் தெரியாத உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் லேபிலிருந்து போன். அவளுக்கு ரத்தம் எடுத்த அன்று அங்கே நட்டநடு வெயிலில் நான் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்ததைக் காட்டி உங்கள் தங்கை, "இவர் ரத்தத்தையும் எடுங்க" என்று சொல்லிவிட்டாள். எனக்கு அப்படியே தலைகீழாம். தெர்மோஸ்டாட் "ஓடு, ஓடு" என்று தொண்டை கிழியக் கத்துகிறதாம், மிஷின் படுத்துத் தூங்குகிறதாம். குண்டானது, குளிர்வது, உட்கார்ந்த இடத்தில் தூங்கிப் போவது எல்லாம் அதனால்தான் போலிருக்கிறது என்று போனில் சொன்னார் டாக்டரம்மா. ஆக இத்தனை மாதம் அந்த அறை நான் சொன்ன அளவு குளிரவும் இல்லை, அவள் சொன்ன அளவு சுடவும் இல்லை. மேலே நான் எழுதியதில் நம்பத்தக்கது தெர்மாமீட்டர் ஒன்றுதான். வராதீர்கள் என்று எழுதியதையும் அடித்துவிடச் சொல்லி உங்கள் தங்கை பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். இனி வருவது அவள் எழுத்து, நடுக்கத்தைப் பொறுத்துக்கொள்ளவும்.

அண்ணா, ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வா. என்னைக் கூட்டிட்டுப் போக இல்லை. நாங்க உன்னைக் கூட்டிட்டுப் போறோம்.