அம்பத்திரெண்டு விநாடி

இந்த தேசத்தில் ஜனகணமனவை ஒரு சினிமாவின் நடுவில் ஓட வைத்த ஒரே மனிதர் எங்கள் ‘அம்பத்திரெண்டு’வாகத்தான் இருக்க வேண்டும். வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள். நான் நம்பப் போவதில்லை.

எழுபதுகளின் நடுவில் மூணாறுக்கும் பள்ளிவாசல் என்ற ஊருக்கும் இடையே ஒரு தேயிலை எஸ்டேட்டில் நான் ஆபீஸ் கிளார்க். அதோடு, கேட்க ஆளில்லாததால் என் தலையில் கட்டப்பட்ட தொழிலாளர் கிளப் செக்ரட்டரி பதவி வேறு. அம்பத்திரெண்டு அங்கே ஃபாக்டரியில் சங்கு ஊதுகிறவர். ஒல்லியான உடம்பு, காக்கி அரைக்கால் சட்டை, சட்டைப்பையில் சங்கிலி போட்ட கடிகாரம். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு நாங்கள் ‘மஸ்டர்’ போனால், அவர் மட்டும் சிலோன் பேச்சில் ‘பெரட்டு’க்குப் போவார். அவருடைய நிஜப் பெயர் ஆபீஸ் பதிவேட்டுக்கு மட்டுமே தெரியும்.

ஞாயிறு மத்தியானம் கிளப் ஹாலில் சினிமா உண்டு. படம் முடிந்ததும் கொடி பறக்கும் துண்டுச் சுருள் ஒன்றைப் போட்டு ஜனகணமன ஓட்டுவார்கள். சீனச் சண்டைக்குப் பிறகு தியேட்டர்களில் வந்த வழக்கம் அது. அந்தப் பாட்டு ஐம்பத்திரண்டு விநாடியில் முடிய வேண்டும் என்று இவர் எங்கேயோ படித்துத் தொலைத்துவிட்டார். அன்றிலிருந்து கடிகாரமும் கையுமாக வாசலில் நிற்க ஆரம்பித்தார்.

பள்ளிவாசல் மின் நிலையத்தில் கரண்ட் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்களே தவிர, பக்கத்திலிருந்த எங்கள் ஹாலுக்கு வோல்டேஜ் எட்டவில்லை. புரொஜெக்டர் திணறும். பாட்டு ஒப்பாரி மாதிரி இழுக்கும்.

“அம்பத்தெட்டு! ஆறு விநாடி கூட!” என்று ஆபரேட்டரிடம் பாய்வார். “நாட்டையே சீக்காளி ஆக்கிப்புட்டீங்களேய்யா!”

அதைவிடப் பெரிய தலைவலி, பாட்டுக்கு நிற்க ஆள் இல்லாதது. சந்தையில் பூண்டு விற்க மலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த வட்டவடை ஊர்க்காரர்கள் படம் பார்த்துவிட்டு ஐந்தரை ஜீப்பில் ஊர் திரும்ப வேண்டும். அதை விட்டால் மறுநாள்தான். கதாநாயகனும் நாயகியும் கை கோத்த மறு நொடி ஜீப் டிரைவர் வெளியே ஹாரனை அமுக்குவார். பாதி ஹால் காலியாகும். அம்பத்திரெண்டு வாசலில் இரண்டு கையையும் விரித்து நிற்பார். அவர் கக்கத்துக்குக் கீழே குனிந்து ஓடுவார்கள். ஒருவர் விற்காத பூண்டு மூட்டையை ஜன்னல் வழியாகத் தள்ளிவிட்டுப் பின்னாலேயே குதித்ததை நானே பார்த்தேன்.

இரண்டு வாரம் யோசித்தார் மனிதர். மூன்றாவது வாரம் ஆபரேட்டரைச் சரிக்கட்டிவிட்டார்.

அன்றைய படத்தில் வில்லன் நாயகியை மரம் அறுக்கும் மில்லில் கட்டிப் போட்டிருக்கிறான். ரம்பம் சுற்றுகிறது. ஹாலில் மூச்சுச் சத்தம் இல்லை. திடீரென்று திரையில் கொடி பறந்தது. வாசலில் அம்பத்திரெண்டு விறைப்பாக நின்றார். வேறு வழி? எல்லோரும் எழுந்தோம்.

“ஏலே, அந்தப் புள்ளைய அறுக்கப் போறான், இப்ப எதுக்குலே எந்திரிக்கச் சொல்லுதாரு?” என்றார் எனக்கு முன்னால் நின்றவர்.

“சும்மா நில்லும்வே. பாட்டு முடியாம அவன் எப்படி அறுப்பான்?” என்றார் பக்கத்திலிருந்தவர்.

ஒரு ஆள் நகரவில்லை. இந்த ஏற்பாடு மூன்று வாரம் ஜாம்ஜாமென்று நடந்தது. நான்காவது வாரம் எஸ்டேட் பெரிய அதிகாரி குடும்பத்தோடு வந்து மாட்டிக்கொண்டார். மறுநாளே கமிட்டி கூடியது. வெளியூர்த் தியேட்டர்களிலேயே இதைக் கைவிட ஆரம்பித்துவிட்டார்கள், இங்கேயும் இனிமேல் பாட்டு வேண்டாம் என்று முடிவாயிற்று. அதை அம்பத்திரெண்டிடம் சொல்லும் வேலை செக்ரட்டரியான எனக்கு.

நான் நயமாகப் பேசிப் பார்த்தேன். “சுருக்கப் பாட்டுன்னு ஒண்ணு இருக்காம்ணே. முதல் வரியும் கடைசி வரியும் மட்டும். இருபது விநாடிதான். அதுக்கு வேணா கேட்டுப் பாக்கட்டுமா?”

“ஏன் தம்பி, கல்யாணத்துல பாதித் தாலி கட்டுவாங்களா?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

“சிலோன்ல சுதந்திர நாளுக்குப் பெரட்டுக் களத்துல அந்த நாட்டுப் பாட்டுக்கு நின்னேன் தம்பி. நீ எங்க ஆளு இல்லேன்னாங்க. சரின்னு இந்தியாவுக்கு எழுதிப் போட்டேன். நீ எங்க ஆளுதானான்னு பாக்கணும்னாங்க. இருவது வருசம், எந்தப் பாட்டுக்கு நிக்கிறதுன்னே தெரியாமப் போச்சு. இப்பத்தான் ஒண்ணு கெடச்சிருக்கு. அம்பத்திரெண்டு விநாடிதானே கேக்குறேன்?”

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கமிட்டியில் கெஞ்சிக் கூத்தாடி இன்னும் ஒரே ஒரு ஞாயிறு வாங்கினேன். பாட்டு படம் முடிந்த பிறகுதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அம்பத்திரெண்டு சொன்னதை ஜீப் டிரைவரிடம் மட்டும் சொன்னேன். டிரைவரிடம் சொன்னால் வட்டவடை வரைக்கும் சொன்ன மாதிரி.

அந்த ஞாயிறு படம் முடிந்தது. ஹாரன் கேட்கவில்லை. ஹால் முழுக்க எழுந்து நின்றது. கொடி பறந்தது, பாட்டு தொடங்கியது. பாதியில் அந்தப் பழைய சுருள் படக்கென்று அறுந்தது. திரை வெள்ளையாயிற்று, சத்தம் நின்றது. ‘ஐயோ, இன்றைக்கா!’ என்று ஆபரேட்டர் பக்கம் திரும்பினேன்.

ஆனால் யாரும் நகரவில்லை. அம்பத்திரெண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி விறைப்பாகவே நின்றார். உதடு மட்டும் அசைந்தது. நாங்கள் எல்லோரும் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஜீப் டிரைவர் சாவியைக் கையில் பிடித்தபடி அவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஒரு குழந்தை இருமியது. அவ்வளவுதான் சத்தம்.

“அம்பத்திரெண்டு” என்றார் கடைசியில். கடிகாரத்தைச் சட்டைப்பைக்குள் போட்டார். “போகலாங்க. ஜீப்புக்கு நேரமாச்சு.”

அன்று யாரும் குனிந்து ஓடவில்லை. பூண்டு மூட்டைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக அவரைக் கடந்து போனார்கள்.

இப்போதும் எங்கே ஜனகணமன கேட்டாலும் என் கண் கடிகாரத்துக்குத்தான் போகிறது. சரியாக ஐம்பத்திரண்டில் முடிந்துவிட்டால், ஓடிப்போய் அவரிடம் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.